தாயைப் பார்த்துக் குட்டியை எடு

கேள்வி-பதில்

போன மாதம் பூனைக்குட்டி பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதினேன். ஆக்கூரிலிருந்து சந்திரபாடி வரை கடிதம் வந்துவிட்டது. பெரும்பாலும் கைக்குழந்தையும் பள்ளிக்கூடப் பிள்ளையும் உள்ள வீடுகள். திருக்கடையூர்ச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருடம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் பூனைக்கும் ஊசி போட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இந்த இதழ் முழுக்கப் பூனைக்கே.

எதிர்வீட்டில் நாலு குட்டி. எங்களுக்கு நாலு வயதில் பையன், ஒன்றரை வயதில் பெண். வெள்ளைக் குட்டி ஒன்று கொள்ளை அழகு. எடுத்துக்கொள்ளலாமா?
ஒரு தாய், ஆக்கூர்

நிறம் கடைசியில் வரட்டும் அம்மா. முதலில் தாய்ப்பூனையைப் பாருங்கள். நீங்கள் போய்த் திண்ணையில் உட்கார்ந்ததும் அது வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு வந்து காலில் உரசினால் பாதிக் கவலை தீர்ந்தது. ஓட்டுமேல் ஏறி நின்று சீறினால், குட்டிகளும் அந்தப் பாடத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் குட்டிகள். தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். கூப்பிட வேண்டாம், கை நீட்ட வேண்டாம், பத்து நிமிடம் சும்மா இருங்கள். ஒன்று வந்த வேகத்தில் முந்தானையில் தொற்றி ஏறும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஒன்றரை வயதுக் கை அதைப் பிடித்து அமுக்கினால் அதே வேகத்தில் திரும்பிக் கடிக்கும். இன்னொன்று அடுப்படி மூலையை விட்டு அசையாது. நடுவே ஒன்று இருக்கும். கொஞ்சம் நின்று பார்க்கும், மோந்து பார்க்கும், பிறகு மெல்ல வரும். உங்கள் வீட்டுக்கு அதுதான்.

சாவிக்கொத்தை நாலடி தள்ளித் தரையில் போடுங்கள். எல்லாக் குட்டியும் திடுக்கிடும். எது சீக்கிரம் தெளிந்து சாவியை மோந்து பார்க்க வருகிறது என்று கவனியுங்கள். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் நாளுக்கு நூறு தரம் தட்டும் டம்ளரும் விழும், அதற்கெல்லாம் ஈடுகொடுக்க வேண்டுமே. கொஞ்சம்கூடத் திடுக்கிடாத குட்டிக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் வெள்ளைக் குட்டிக்கு இது முக்கியம். உடம்பு முழுக்க வெள்ளையாகவும் கண் இரண்டும் நீலமாகவும் உள்ள பூனைகளில் செவிடு அதிகம். ஆறு, ஏழு வாரம் வரை எல்லாக் குட்டிக்கும் கண் நீலமாகத்தான் இருக்கும் என்பதால் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது, சாவிதான் சொல்லும். செவிட்டுப் பூனையும் அன்பான பூனைதான். ஆனால் பின்னாலிருந்து குழந்தை திடீரென்று தொட்டால் பதறிக் கீறிவிடும்.

கடைசியாகக் கையில் எடுங்கள். நெஞ்சுக்கடியில் ஒரு கை, பின்பக்கத்தைத் தாங்க ஒரு கை. முதலில் கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்கினால் நல்லது. அரை நிமிடமும் ஓயாமல் கீறிக்கொண்டே இருந்தால் வேறு குட்டியைப் பாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் ஒழுகல், வாலடியில் ஈரம் இருக்கக் கூடாது. உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை என்றால் உள்ளே புழு. அது மருந்தில் சரியாகிவிடும், அதற்காகக் குட்டியை ஒதுக்க வேண்டாம்.

தாயைப் பார்க்கச் சொல்கிறீர்கள். தகப்பனைப் பார்க்க வேண்டாமா?
ஒரு வாசகர், செம்பனார்கோயில்

பார்க்கத்தான் வேண்டும், எங்கே போய்ப் பார்ப்பது? ஒரே ஈற்றில் பிறந்த நாலு குட்டிக்கு இரண்டு தகப்பன் இருப்பதும் பூனைகளில் உண்டு. ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சாண்ட்ரா மெக்கூன் என்ற ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சாதுவான கடுவனுக்குப் பிறந்த குட்டிகள் புது ஆளிடமும் புதுப் பொருளிடமும் துணிந்து போயின. தகப்பன் வளர்க்கவே இல்லை, குணம் மட்டும் வந்துவிட்டது. உங்கள் தெருவில் எல்லார் வீட்டுத் திண்ணையிலும் உரிமையோடு படுத்துக் கிடக்கிற கடுவன் ஒன்று இருந்தால், அந்தத் தெருக் குட்டிகளை நம்பி எடுக்கலாம்.

பொறையாறில் அத்தை வீட்டுக் குட்டிக்கு இன்றோடு ஒரு மாதம். ஓடுகிறது, சோறும் நக்குகிறது. பிள்ளைகள் தினமும் கேட்டு அழுகிறார்கள். எடுத்துவரலாமா?
ஒரு தகப்பனார், தில்லையாடி

வேண்டாம் தம்பி. எட்டு வாரம் ஆகட்டும். பன்னிரண்டு வாரம் விட முடிந்தால் அத்தைக்குக் கோடிப் புண்ணியம்.

ஒரு மாதக் குட்டி பார்க்கத்தான் முழுப் பூனை மாதிரி இருக்கிறது. அடுத்த ஒரு மாதத்தில்தான் அது உடன்பிறப்புகளோடு கட்டிப் புரண்டு, எவ்வளவு கடித்தால் விளையாட்டு, எவ்வளவுக்கு மேல் வலி என்று தெரிந்துகொள்கிறது. கடி பலமானால் மற்றது கத்திவிட்டு ஓடிவிடும், தாய் முகத்தில் ஒரு தட்டுத் தட்டும். இந்தப் பாடத்தை நடத்த மனிதரால் ஆகாது. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் 2017-இல் 5,700-க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் விசாரித்த ஆய்வை வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்குள் தாயைப் பிரிந்தவற்றிடம் மூர்க்கம் அதிகம் என்று தெரிந்தது. இன்னும் தாமதமாகப் பிரிப்பதே நல்லது என்றார்கள்.

என் மகளுக்கு ஏழு வயதில், அவள் அழுகிறாளே என்று நாலு வாரக் குட்டி ஒன்றை எடுத்து வந்தேன். அது விளையாட்டாகக் கடித்த கடியின் தழும்பு அவள் மணிக்கட்டில் இன்றும் இருக்கிறது. அந்தப் பூனைமேல் ஒரு குற்றமும் இல்லை. அவசரப்பட்டவன் நான்.

ஆனால் காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதல்ல. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் பூனையின் மனசில் மனிதர் இடம் பிடிக்கிற காலம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். மூன்றாம் வாரத்திலிருந்தே தினமும் கையில் எடுத்த குட்டிகள் மனிதரிடம் ஒட்டிக்கொண்டன. ஏழாம் வாரத்துக்குப் பிறகு ஆரம்பித்தவை அந்த அளவுக்கு ஒட்டவில்லை. ஆகவே குட்டி அத்தை வீட்டிலேயே இருக்கட்டும், நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடிக்கடி போய் அரைமணி நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு வாருங்கள். ஒரே ஆள் தூக்கினால் போதாது. அத்தை, மாமா, பால்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று நாலைந்து கைகள் பழகட்டும். அவர்கள் வீட்டில் மிக்சி ஓடுகிறதா, சீரியல் ஓடுகிறதா? எல்லாம் நல்லதுக்குத்தான். தோட்டத்து விறகுக் குவியலுக்குள் யார் கையும் படாமல் எட்டு வாரம் வளர்ந்த குட்டியைவிட, கூடத்தில் எல்லார் காலிலும் இடறி வளர்ந்தது உங்கள் வீட்டுக்கு நூறு மடங்கு ஏற்றது.

பூனைக்குட்டிக்கு என்னைப் பிடிக்குமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
இரண்டாம் வகுப்பு மாணவி, திருக்கடையூர்

இந்த இதழின் சிறந்த கேள்வி உன்னுடையதுதான் கண்ணு. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அதைப் பார். முறைத்துப் பார்க்காதே, உறுத்துப் பார்த்தால் அது சண்டைக்குக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்ளும். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக, தூக்கம் வருகிற மாதிரி மூடித் திற. அதுவும் அப்படியே மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் உன்னை நம்புகிறது என்று அர்த்தம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இப்படிக் கண் மூடித் திறந்தவர்களிடம் பூனைகள் பதிலுக்குக் கண்ணை மூடித் திறந்தன, நீட்டிய கையை நோக்கி வரவும் செய்தன. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். இருளாது, உன்னோடு சிநேகமாகிவிட்டது என்று சொல்.

குட்டியின் குணம் எழுதிவிட்டீர்கள். பிள்ளையின் குணம்? என் பையன் வாலைக் கண்டால் விடமாட்டான்.
ஒரு தாய், தரங்கம்பாடி

ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் குட்டியைத் தூக்க விடாதீர்கள். தரையில் உட்கார வைத்து மடியில் ஒரு துண்டு போடுங்கள். குட்டி தானாக வந்து ஏறினால் கொஞ்சட்டும், இறங்கினால் விட்டுவிடட்டும். தடவுவதற்குக் கன்னம், காதோரம், தாடைக்கடி. வயிறும் வாலும் பூனையின் சொந்தச் சொத்து. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் மணலில் உட்கார்ந்திருக்கும்போதும் தொடக் கூடாது. வால் நுனி படபடவென்று அடித்தால், காது பக்கவாட்டில் சாய்ந்தால், போதும் என்று சொல்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூட இதை ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுக்கலாம். பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் குட்டிக்கு ஓர் இடம் வேண்டும். பரண், அலமாரி மேல்தட்டு, ஏதோ ஒன்று. ஓடி ஒளிய இடமிருக்கும் பூனை கீறாது, மூலையில் மடக்கினால்தான் கீறும்.

விளையாடும்போது குட்டி கையில் லேசாகக் கீறிவிட்டது. மஞ்சள் வைத்தேன். போதுமா?
ஒரு வாசகி, அனந்தமங்கலம்

போதாது. உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். தோல் கிழிந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றைக்கே போய்க் காட்டுங்கள், வெறிநாய்க்கடி ஊசி வேண்டுமா என்று அவர்கள் சொல்வார்கள். ரேபிஸ் பூனையாலும் வரும். மூன்று மாதத்தில் குட்டிக்கு ரேபிஸ் ஊசி போடுங்கள், பிறகு வருடந்தோறும். எட்டாம் வாரத்திலிருந்து மற்ற தடுப்பூசிகள், அதற்கு முன்பே குடற்புழு மருந்து. குட்டி வாங்க ஆன செலவு பூஜ்யமாக இருக்கலாம், இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது.

பெர்சியன் பூனை சாது என்கிறார்கள். வாங்கலாமா?
ஒரு வாசகர், மயிலாடுதுறை

சாதுதான். ஆனால் தட்டை மூஞ்சியில் மூச்சுக்கும் சிரமம், கண்ணில் நீரும் ஓயாது வடியும். சித்திரை வெயிலில் நமக்கே மூச்சு வாங்குகிறது, அந்தக் கம்பளியோடு அது என்ன செய்யும்? தினமும் சீவாவிட்டால் முடி சடை பிடிக்கும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வருகிற பரம்பரை நோயும் அந்த இனத்தில் உண்டு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் பூனைக்குத் தலைவாரிவிட உங்களுக்கு நேரம் இருக்கிறதா? நம் ஊர்க் குட்டை முடிப் பூனை இந்த வெயிலுக்கே பிறந்தது.

தை அறுப்பு முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிட்டது, கூடவே எலியும். பிள்ளைகளோடு கொஞ்சி விளையாடுகிற பூனை எலியும் பிடிக்குமா?
ஒரு விவசாயி, பிள்ளைப்பெருமாநல்லூர்

பிடிக்கும் ஐயா. மனிதரிடம் சாதுவாக இருப்பதும் எலியிடம் புலியாக இருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எலி கொண்டுவந்து குட்டிகளுக்குப் போடுகிற தாயிடம் வளர்ந்த குட்டியாகப் பாருங்கள், வேட்டை தானாக வரும். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பது தப்பு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும், இன்னும் பொறுமையாக உட்கார்ந்து பிடிக்கும். பூனை மனிதரிடம் வந்து சேர்ந்ததே தானியத்தால்தான். சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் புதைகுழிக்குப் பக்கத்தில் பூனையையும் புதைத்திருந்ததை 2004-இல் அறிவித்தார்கள். வயது ஏறக்குறைய 9,500 வருடம். தானியம் சேர்த்து வைத்த இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. உங்கள் பத்தாயத்தடியில் இன்றும் நடப்பது அதுதான்.

நான் இதை நீட்டி எழுதுவது வேறு காரணத்துக்காக. எலிக்கு மருந்து வைத்துவிட்டுப் பூனையும் வளர்க்காதீர்கள். புரோமாடையலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. மூன்று நாலு நாள் தள்ளாடித் திரியும். ஓட முடியாத எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும். அந்த மருந்து ரத்தத்தை உறையவிடாது. அதன் விஷம் பூனைக்கும் ஏறினால் ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும், மூச்சு வாங்கும். அந்த நிலைக்கு முன்பே தூக்கி வந்தால் வைட்டமின் கே ஊசியால் காப்பாற்றலாம். சிங்க் பாஸ்பைடு என்றால் முறிவு மருந்தே கிடையாது. அந்தக் கவளம் உங்கள் பிள்ளையின் கைக்கு எட்டினாலும் அதே கதிதான், அதை முதலில் நினையுங்கள். குட்டி எடுப்பதற்கு முன் நாலு பக்கத்து வீட்டிலும் கேளுங்கள்: யாராவது மருந்து வைத்திருக்கிறீர்களா? வீட்டுக்கு எலிப்பொறி போதும். வயலுக்கு நம் பாட்டன்மார் மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி இருக்கிறது. ராத்திரி ஆந்தை உட்கார வயலில் நாலு இடத்தில் குச்சி நட்டுவையுங்கள். கிட்டியால் பூனை சாகாது, ஆந்தையும் சாகாது.

எங்கள் வீடு சைவம். தயிர்ச்சோறு போட்டு வளர்க்கலாமா?
ஒரு வாசகி, திருக்கடையூர் சன்னதித் தெரு

உங்கள் நெறியை மதிக்கிறேன் அம்மா, ஆனால் பூனையின் உடம்பு அதை ஏற்காது. டாரின் என்ற சத்தைப் பூனையால் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ள முடியாது, மீனிலும் இறைச்சியிலும்தான் அது கிடைக்கும். குறைந்தால் விழித்திரை கெட்டுக் குருடாகும் என்று 1975-இலும், இதயம் பலமிழக்கும் என்று 1987-இலும் கண்டுபிடித்தார்கள். டாரின் சேர்த்த பூனைத் தீவனப் பாக்கெட் கடையில் கிடைக்கிறது, அதைத் தனித் தட்டில் வைக்க வீட்டார் சம்மதித்தால் வளர்க்கலாம். சம்மதம் இல்லையென்றால் பூனை வேண்டாம். பசும்பாலும் வேண்டாம், தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு அது பேதியாகும்.

குட்டிக்கு உடம்பு சுடுகிறது. பிள்ளைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப்பில் இரண்டு சொட்டு விடலாமா?
ஒரு வாசகர், ஆக்கூர்

ஒரு சொட்டுகூட விடாதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ரத்தம் பழுப்பாகி உயிர்க்காற்றைச் சுமக்காமல் போகும், செத்துவிடும். பூனையின் உடம்புச் சூடே 38 முதல் 39 டிகிரி, நம் கைக்குச் சுடத்தான் செய்யும். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

மருமகள் நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள். பூனையை ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்கள்.
ஒரு மாமியார், பொறையாறு

சாக்கில் கட்டிக் கொண்டுபோய் விடாதீர்கள். பயம் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியைப் பற்றியது, அது கர்ப்பிணிக்கு ஆபத்துத்தான். பூனை மலத்தில் வெளியேறும் அந்தக் கிருமி தொற்றும் பக்குவம் அடைய ஒரு நாளாவது ஆகும். ஆகவே மணலைத் தினமும் அள்ளிக் கொட்டுங்கள், அந்த வேலை மகனுடையதாக இருக்கட்டும். மருமகள் தோட்டத்து மண்ணைக் கிளறினால் கை கழுவட்டும், அரைவேக்காட்டு இறைச்சி வேண்டாம், கீரையை நன்றாக அலசுங்கள். பிரசவத்துக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் வீட்டில் பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு தூளி கட்டும் அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். பூனை குழந்தையின் மூச்சை உறிஞ்சாது. ஆனால் தூளியின் கதகதப்புக்கு ஏறிப் படுக்கும், அது முகத்தருகே ஆகிவிடக் கூடாது.

மூன்று நிறம் கலந்த குட்டி. கடுவன் என்று சொல்லித் தருகிறார்கள்.
ஒரு வாசகர், தரங்கம்பாடி

வாலைத் தூக்கி இன்னொரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பும் செம்பட்டையும் ஒரே உடம்பில் வர இரண்டு எக்ஸ் குரோமோசோம் வேண்டும், ஆகவே அநேகமாக எல்லாமே பெட்டை. அந்தச் செம்பட்டை நிறத்துக்கான மரபணு எது என்பதையே 2025-இல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுவினர் உறுதிசெய்து வெளியிட்டார்கள். பெட்டையோ கடுவனோ, ஐந்தாறு மாதத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த தை வரும்போது குட்டிகளுக்கு வீடு தேடி நீங்கள் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

பிடரியைப் பிடித்துத் தூக்குவதுதானே முறை? தாயே அப்படித்தானே தூக்குகிறது?
ஒரு கல்லூரி மாணவர், பொறையாறு

தாய் தூக்குவது சில வாரங்கள்தான், அதன் வாய்க்குத் தெரிந்த அளவு நம் கைக்குத் தெரியாது. வளர்ந்த பூனையின் முழுக் கனமும் பிடரியில் தொங்கினால் வலியும் பயமும்தான். வைணவத்தில் பக்தியைப் பற்றிப் பேசும்போது இரண்டு நியாயம் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய்தான் கவ்விச் சுமக்கும். திருக்கடையூரில் லிங்கத்தைக் கட்டிக்கொண்ட மார்க்கண்டேயன் குரங்குக்குட்டி வழி என்று எனக்குத் தோன்றும். பூனைக்குட்டிக்குப் பிடித்துக்கொள்ளத் தெரியாது, தன்னை அப்படியே ஒப்படைத்துவிடும். அதனால் இரண்டு கையாலும் தாங்குங்கள்.

அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் வருகிறோம். புறப்படும்போது பூனை குறுக்கே போனால்?
ஒரு தம்பதி, திருச்சி

அது குட்டிக்கு இரை தேடிப் போகிறது. வழிவிட்டுப் புறப்படுங்கள். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம்.

நாலில் மூன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய்விட்டார்கள். கடைசிக் குட்டி யார் வந்தாலும் குதிருக்குப் பின்னால் ஒளிகிறது. அதை யார் எடுப்பார்கள்?
ஒரு பாட்டி, மாணிக்கப்பங்கு

சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அதைக் கொடுக்காதீர்கள் பாட்டி, இரண்டு பேருக்கும் பாவம். பிள்ளைகள் வெளியூரில், வீட்டில் பெரியவர்கள் இருவர் மட்டும், டிவி சத்தம்கூடக் குறைவு என்கிற வீட்டுக்கு அதைப்போல் பொருத்தமான பூனை கிடையாது. பயந்த குட்டி ஒரே ஒரு மடியைத் தேர்ந்தெடுக்கும், பிறகு அந்த மடியை விட்டு இறங்காது. அதுவரை தினமும் அதே நேரத்தில் குதிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருங்கள், கை நீட்டாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். உப்புப் போடாமல் வேகவைத்து முள் எடுத்த மத்தி கொஞ்சம் கொண்டுவருகிறேன். மேலே எழுதிய திருச்சித் தம்பதியிடம், கல்யாணம் முடிந்து திரும்பும்போது வண்டியில் ஒரு கூடைக்கு இடம் இருக்குமா என்றும் கேட்டு எழுதியிருக்கிறேன்.